சுவரைப் பார்க்க வந்தவர்

அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். காலை ஒன்பதரைக்கு சைக்கிள் மணி கேட்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "வரலாமாம்மா?" என்று ஒரு தரம் கேட்பார். நான் "வாங்கய்யா" என்று சொல்லி முடிப்பதற்குள் முன்னறைச் சுவருக்கு எதிரே நின்றிருப்பார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, குனிந்து, மூச்சுக்கூட விடாமல் பார்ப்பார். பிறகு நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு, "அசையல" என்பார். அதோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வருவதற்கு முந்திய மாதங்கள் அவை. மலாக்காவில், காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு கம்பெனி பெரிய ரப்பர் கிடங்கு கட்ட ஆரம்பித்திருந்தது. சேற்று நிலம். அதனால் பைலிங் அடித்தார்கள். இரும்புக் குண்டை மேலே தூக்கித் தூணின் தலையில் போடுவார்கள். காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும் தொம், தொம் என்று அதே சத்தம். அலமாரியில் கிண்ணங்கள் தானாக நகர்ந்து ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஒன்பது வீட்டிலும் சுவர் வெடிக்க ஆரம்பித்தது. எல்லாரும் போய்ப் புகார் சொன்ன பிறகு, கட்டுமானத்தால் அக்கம்பக்கத்துக்குக் கேடு வருகிறதா என்று அளந்து பார்க்க சர்வேயர் ஆபீஸ்காரர்கள் இவரை அனுப்பினார்கள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். நோட்டில்கூடத் தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போடுகிறவர், ஆகையால் பெயரை நானும் எழுதவில்லை. தெருவில் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர்.

அந்தப் பெயர் வந்த காரணம் இது. சுவரில் விரிசல் இருக்கும் இடத்தில், அதன் குறுக்கே விரல் அகலத்தில் மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் பூசி ஒட்டிவிடுவார். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையாவிட்டால் சுவர் நிற்கிறது என்று அர்த்தம். இதைத் தவிர ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு தரம் அதில் படிந்த சிமெண்ட் தூசியைத் தூரிகையால் கூட்டி ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போவார். கிணற்றிலிருந்து ஒரு குப்பி தண்ணீர் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, எவ்வளவு கலங்கியிருக்கிறது என்றும் பார்ப்பார். இத்தனைக்கும் நடுவே யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. தண்ணீரைத் தானே புட்டியில் கொண்டுவருவார்.

எனக்கு அடுத்த வீடு பீபியுடையது. மலாக்காச் செட்டி குடும்பம், பல தலைமுறைக்கு முன்னால் இங்கே குடியேறியவர்கள். நெற்றியில் திருநீறு பூசுவாள், வீட்டில் சாமி விளக்கு எரியும், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். தமிழில் அவளுக்குப் பத்து, இருபது சொல் தெரிந்திருக்கும். கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. கண்ணாடிக்காரரைப் பார்த்தால் "மாசோக், மாசோக்" என்று உள்ளே கூப்பிட்டு, ஒருநாள் வாழை இலையில் பலகாரம் வைத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

பீபிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் மலாயில் பொறுமையாகச் சொன்னார்: "உங்கள் வீட்டில் சாப்பிட்டால் உங்கள் சுவருக்காகப் பேசுகிறேன் என்பார்கள். அப்புறம் நான் எழுதுவதை யார் நம்புவார்கள்?"

அதே வாரம், கிடங்கு வேலையை மேற்பார்த்த கெப்பாளா அவர் தங்கியிருந்த அறைக்கு இரண்டு சேவலைக் கூடையில் போட்டு அனுப்பினானாம். இவர் அந்தக் கூடையை சைக்கிளில் கட்டி, பட்டப்பகலில் காஜா பேராங் ரோட்டின் வழியாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். வழியெல்லாம் சேவல் கத்திக்கொண்டே போனது. பார்த்தவர்கள் பல நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்ச் சயாம் ரயில் பாதை போட வைத்தவர்களில் உயிரோடு திரும்பியவர், அதனால்தான் மனுஷன் இப்படி ஆகிவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. நான் அவரையே கேட்டேன்.

"இல்லம்மா. ஜப்பான்காரன் காலம் பூரா மூவார்லதான் இருந்தேன்."

"என்ன செஞ்சீங்க?"

"மரவள்ளி நட்டேன்."

"வீட்டுல அம்மா இருக்காங்களா?"

"இருந்தாங்க."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நானும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது இருபது வயது. ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே இருமினால்கூடப் பக்கத்து வீட்டில் கேட்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுபவர், ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போனால் திரும்ப நாலு நாள் ஆகும். எனக்கு மலாய் சரியாக வராது. வரிசையில் மற்றவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் சொந்தம். பகல் முழுவதும் அந்தத் தொம், தொம்மைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் பேசிய பேச்சு "வாங்கய்யா" மட்டும்தான்.

கொஞ்ச நாளில் ஒன்பது மணிக்கே தலை சீவி, புடவை மாற்றிக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன். தப்பான எண்ணம் எதுவும் இல்லை. என் அப்பாவைவிட நாலைந்து வயது சின்னவர், அவ்வளவுதான். வருகிற ஒரு ஆள் வருகிறாரே என்றிருந்தது. அவரைப் பேசவைக்க ஏதாவது கேட்பேன்.

"இன்னைக்கு மழை வருமாய்யா?"

"வந்தா சொல்றேம்மா."

"இந்தப் பைலிங் எப்ப முடியும்?"

"அது அவங்ககிட்ட கேக்கணும். எத்தனை தூண் அடிச்சாங்கன்னு வேணா நான் சொல்றேன்." உடனே நோட்டைப் புரட்டிச் சொல்லவும் செய்தார்.

பார்த்ததைத் தவிர வேறு எதையும் அவர் வாயால் வாங்க முடியாது. வேடிக்கையாகத்தான் இருந்தது எனக்கு, அந்த வியாழக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு எங்கள் சுவரைப் பார்த்துவிட்டு, நோட்டில் பழைய பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளி எண்ணினார். "இருபது நாளா அசையல. நாளையோட மூணு வாரம். உங்க சுவருக்கு ஒண்ணும் பயமில்லம்மா. நாளைக்குக் கண்ணாடியை எடுத்துட்டா, இனிமே நான் உங்களைத் தொந்தரவு பண்ண வரமாட்டேன்."

நல்ல செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் கதவருகிலேயே நின்றேன். அவர் சைக்கிள் பீபி வீட்டில் நின்று, மற்ற வீடுகளிலும் நின்று, கடைசி வீட்டைத் தாண்டிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய், பாராங் கத்தியின் பிடியால் கண்ணாடியை ஒரு தட்டு தட்டினேன். அவ்வளவு சுலபமாக உடையும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் அவர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பூதக்கண்ணாடியைப் பையில் வைத்துவிட்டு முதல்முறையாக முழுசாக என் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா அடிச்சது?"

"சுவர்தான்யா அசைஞ்சிருக்கு."

"சுவர் அசைஞ்சா விரிசல் மேலயே ஒரே கோடாப் பிளக்கும். இது ஒரு புள்ளியிலேருந்து நாலா பக்கமும் ஓடியிருக்கு."

"பூனையா இருக்கும்."

"பூனை இருக்கா வீட்டுல?"

அவர் நோட்டைத் திறந்தார்.

"எழுதாதீங்கய்யா. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா ரொம்ப அவமானமாப் போயிரும்."

"இதை எழுதாம விட்டா, மத்த வீட்டுல நான் எழுதினதும் பொய்யாயிரும்மா." குரலில் கோபம் இல்லை. 'கையால் உடைக்கப்பட்டது' என்று எழுதினார். ஒழுங்கு மாறாமல் அதே இடத்தில் புதுக் கண்ணாடி ஒன்றை ஒட்டினார். அதைக் காய வைக்க விசிறியால் விசிறிக்கொண்டு அவர் நின்ற கால் மணி நேரம் நான் சமையலறையில் இருந்தேன்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. மறுபடியும் மூன்று வாரம் அவர் தினம் வரவேண்டும். வந்தார். ஆனால் "அசையல" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. மழையைப் பற்றி நானும் கேட்கவில்லை.

அந்த ஒரு வரி சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்குப் போகிற நோட்டு நகலோடு கெப்பாளாவின் கைக்கு அது போனதும், நஷ்டஈட்டுக்காக வீட்டுக்காரர்களே கண்ணாடியை உடைக்கிறார்கள் என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டான். ஒன்பது வீட்டுப் புகாரும் தள்ளுபடி ஆனது. பீபி வீட்டில் இரண்டு கண்ணாடி விரிசல் மேலேயே நேர்க்கோடாகப் பிளந்திருந்தன. அவையும் நாடகம் என்றார்கள். பைலிங் இயந்திரத்தை எங்கள் பக்கம் இன்னும் நெருக்கி நகர்த்தினார்கள்.

தெருவில் என்னோடு பேசுகிறவர்கள் முன்பே குறைவு. இப்போது கிணற்றடிக்கு நான் போனால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து திரும்பி, வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே காப்பிக்கடையில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கத்துவார் என்று பயந்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கேட்டார்.

"காசுக்கா புள்ள செஞ்ச?"

இல்லை என்று சொன்னால் வேறு எதற்கு என்று கேட்பார். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். காசுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் காலை லோரியை எடுத்துக்கொண்டு போனார். அந்த நாலு நாளும் நான் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் காலை கண்ணாடிக்காரர் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் பீபி கஞ்சிச் சட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள். எந்த வீட்டுச் சுவர் என்னால் ஆபத்தில் இருந்ததோ அந்த வீட்டுக்காரி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "தா அபா, தா அபா, பரவாயில்லை" என்று முதுகைத் தடவினாள். கண்ணாடிக்காரர் சொல்லித்தான் வந்தாளாம்; அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் அவர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டினாள்: "அந்தப் பெண் வீட்டு அடுப்பில் மூன்று நாளாகச் சாம்பல் மாறவில்லை. நான் பார்த்தது அவ்வளவுதான்."

அடுப்பை அவர் எப்போது பார்த்தார் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

பீபி வீட்டுப் பின்சுவர், அவள் கணவர் படுத்திருந்த கட்டிலை ஒட்டிய சுவர், நாளுக்கு நாள் மோசமானது. அரிசி நுழைகிற அளவு இருந்த விரிசலில் சுண்டுவிரல் நுழைந்தது. கண்ணாடிக்காரர் காலையும் மாலையும் இரண்டு நேரம் வந்து அளந்தார். கிடங்கு வேலைக்காரர்களின் தகரக் கொட்டகைக்குப் போய் வேலையை நிறுத்தச் சொன்னார். "உன் கண்ணாடிகளை உன் ஆட்களே உடைக்கிறார்கள், போ" என்றான் கெப்பாளா. அவர் தன் ஆபீசுக்குத் தந்தி அடித்தார். அங்கிருந்து பெரியவர் ஒருவர் நேரில் விசாரிக்க வந்தார். இதெல்லாம் பீபி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணாடிக்காரர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, வந்து சாட்சி சொல் என்று ஒரு கண்ஜாடைகூடக் காட்டவில்லை.

விசாரணை நாளில் நானாகத்தான் போனேன். பீபி கூட வந்தாள். தகரக் கொட்டகைக்குள் அந்தப் பெரியவர், கம்பெனியின் எஞ்சினியர், கெப்பாளா, இன்னும் நாலைந்து பேர். மேசையில் கண்ணாடிக்காரருடைய நோட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் ஓரமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

என் வீட்டுக் கண்ணாடியை நான்தான் உடைத்தேன், மற்ற வீடுகளில் யாரும் உடைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். யாருக்கும் அது போதவில்லை. பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கெனாப்பா? ஏன் உடைத்தாய்? பணத்துக்காகவா?"

"இல்லை."

"பிறகு?"

தனிமை என்பதற்கு மலாய்ச் சொல் எனக்குத் தெரியாது. "சாயா சத்து ஓராங் சாஜா" என்றேன். நான் ஒரே ஒரு ஆள்தான். யாருக்கும் புரியவில்லை. கைகளை ஆட்டி, திக்கித் திக்கி விளக்கினேன். வீட்டில் யாரும் இல்லை. யாரும் வருவதில்லை. இவர் மட்டும் வருகிறார். சுவர் சரியாகிவிட்டால் இவரும் வரமாட்டார்.

கெப்பாளா சிரித்தான். அவனோடு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். விசாரணைக்காகப் பைலிங்கைச் சற்று நேரம் நிறுத்தியிருந்ததால் அந்தச் சிரிப்பு நன்றாகக் கேட்டது. பெரியவர் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பி, "இது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. கையால் உடைந்தது என்று தெரியும், அதை எழுதினேன். காரணம் தெரியாது, அதனால் காரணம் எழுதவில்லை."

பெரியவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒரு தரம் புரட்டினார். "தன் பக்கத்து ஆளைக்கூட விடாமல் எழுதியிருக்கிற மனிதன் பீபி வீட்டுக் கணக்கை மட்டும் பொய்யாக எழுதுவானா?" என்று எஞ்சினியரைக் கேட்டார். எஞ்சினியர் நெற்றியைத் தேய்த்தார். அன்று மத்தியானமே எங்கள் பக்கத்துப் பைலிங்கை நிறுத்தினார்கள். பீபியின் கணவரைக் கட்டிலோடு தூக்கி, செமாபோக்கில் இருந்த அவள் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் நல்ல மழை. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. கட்டில் கிடந்த இடத்தில் இடுப்பளவு செங்கல். பீபியும் கூடப் போயிருந்ததால் அப்போது வீட்டில் யாரும் இல்லை.

தெருவே கூடியது. கண்ணாடிக்காரர் குடை பிடித்துக்கொண்டு நின்று அதையும் எழுதினார். கிடங்கு முடியும் வரை எல்லா வீட்டிலும் கண்ணாடி இருக்க வேண்டும் என்று ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது.

என் வீட்டுக்காரர் வந்ததும், கொட்டகையில் சொன்னதை அவரிடமும் நானே சொன்னேன். வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. கேட்டுக்கொண்டே அவர் பீடியைப் பற்றவைக்க மறந்து கையில் வைத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து சிங்கப்பூர் ஓட்டத்தை விட்டுவிட்டு மூவார் ஓட்டத்துக்கு மாறினார். சம்பளம் குறைவு, ஆனால் தினம் சாயங்காலம் வீட்டில் இருப்பார். கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்றார்.

மெர்டேக்கா அன்றைக்கு தெருவில் எல்லாரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு டவுனுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதரைக்கு சைக்கிள் மணி கேட்டது.

"இன்னைக்குமாய்யா? ஊரே லீவு!"

"வேலை நின்னிருக்கிற அன்னைக்குச் சுவர் எப்படி இருக்குன்னும் பார்க்கணும்மா. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்." சட்டையில் ஒரு சின்னக் காகிதக் கொடி குத்தியிருந்தார். பார்த்துவிட்டு, காலியாகிக்கொண்டிருந்த தெருவில் அடுத்தடுத்த வீட்டைத் தட்டிக்கொண்டு போனார்.

கிடங்கு முடிந்ததும் எல்லா வீட்டிலும் கண்ணாடியை எடுத்தார். எங்கள் சுவரில் பிளாஸ்டர் இருந்த இடத்தைச் சுரண்டி, சுண்ணாம்பு பூசி, இருந்த சுவடு தெரியாமல் தேய்த்துவிட்டார். அடுத்தபடியாகக் குளுவாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள் என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"அன்னைக்குக் கொட்டகையில நீங்க சொன்னதை நான் நோட்டுல எழுதலம்மா."

"ஏன்யா?"

"அது சுவர் சம்பந்தப்பட்டது இல்ல."

இரக்கப்பட்டுச் சொன்னாரா, ஒழுங்குக்காகச் சொன்னாரா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கடிதமாவது போட்டிருக்கலாம். முகவரி கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவரும் கொடுக்கிற ஆள் இல்லை.

ஆறேழு வருஷம் போயிருக்கும். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன, பீபியோடு வாய் ஓயாமல் மலாய் பேசப் பழகிவிட்டேன். ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் ஓட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். குளுவாங்கிலிருந்து வந்த லோரிக்காரர் ஒருவர் சொன்னாராம். தொழிற்சாலைப் புகை, சாக்கடைத் தண்ணீர் எல்லாம் அளக்கிற மனுஷர் ஒருவர், கடை மாடியில் வாடகை அறையில் செத்துக் கிடந்தார், இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை, மலாக்காவில் சுவர் பார்த்தவராம்.

என் வீட்டுக்காரரே சொன்னார்: "பிள்ளைங்களைப் பீபிகிட்ட விட்டுட்டு வா. லோரி வாசல்லதான் நிக்குது."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் கடைக்காரச் சீனர், ஆபீஸ் பியூன், விறகு அடுக்குகிற இருவர், சடங்கு செய்கிற பண்டாரம், இவ்வளவு பேர்தான் இருந்தார்கள். கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் காத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனார். பண்டாரம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க இவருக்கு என்ன உறவு?"

இவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "எங்க வீட்டுக்குத் தினம் வந்துக்கிட்டிருந்தவருங்க" என்று சொல்லிக் கையை நீட்டினார்.